குரும்பை விழுந்த பொனட்டும் கோட்டை மானும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு டிங்கரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் அதிகமானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: சின்ன நெளிவு, பெயின்ட் அடிக்காமல் எடுக்கலாமா? நான் திருகோணமலையில் 31 வருடமாக டிங்கர் வேலை செய்கிறேன். முதல் 20 வருடம் எல்லாரையும் போலத் தட்டி, தேய்த்து, பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்து, பெயின்ட் அடித்தேன். பிறகுதான் தகட்டின் பின்பக்கத்தால் கம்பி விட்டு, பெயின்டில் கை வைக்காமல் நெளிவெடுக்கப் பழகினேன். இரண்டு வேலையும் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: எங்கள் வளவில் தென்னைக்குக் கீழே வேகன் ஆர் காரை விடுவது வழக்கம். குரும்பை விழுந்து பொனட்டில் உள்ளங்கை அளவு பள்ளம். பெயின்ட் எங்கும் உரியவில்லை. கராஜில் காட்டினேன். பொனட் முழுவதையும் தேய்த்துப் பட்டி வைத்துப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும், நாலு நாள் விடுங்கள் என்கிறார்கள். முத்து வெள்ளை நிறம். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவையும் பெயின்ட் அடிக்காத கார். என்ன செய்யலாம்?

டீச்சர், தயவுசெய்து பொனட்டைத் தேய்க்க விடாதீர்கள். முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பள்ளத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் உற்றுப் பாருங்கள். மயிரிழை போல ஏதாவது கோடு ஈரம் பிடித்து நிற்கிறதா? விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள், எங்காவது தட்டுப்படுகிறதா? இரண்டும் இல்லையென்றால் பெயின்ட் உடையவில்லை. பெயின்ட் உடையாத உள்ளங்கைப் பள்ளத்தைப் பின்பக்கத்தால் எடுக்கலாம். ஒன்றரை மணி, கூடினால் இரண்டு மணி நேர வேலை.

நான் இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கார் செய்யும் இடத்தில், இருக்கை, கண்ணாடி, வயர் எதுவும் பூட்டுவதற்கு முன்பு, வெறும் இரும்பு உடலை அப்படியே ஒரு பெரிய தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி முதல் படையை ஏற்றுகிறார்கள். மூலை முடுக்கு, மடிப்பு, இடுக்கு எல்லாவற்றுக்குள்ளும் அது போய்ப் பிடிக்கும். அதை 150 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் சுடுகிறார்கள். அதற்கு மேல்தான் பிரைமர், நிறம், மினுக்கம். எல்லாப் படையும் சேர்ந்து ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் வரும். ஆனால் அந்த மெல்லிய தோல்தான் இரும்பைக் காப்பாற்றுகிறது. கார் முழுதாகப் பூட்டி முடிந்த பிறகு அந்தச் சூட்டை யாராலும் கொடுக்க முடியாது. பிளாஸ்டிக்கும் வயரும் உருகிவிடும். உலகத்திலேயே நல்ல கராஜாக இருந்தாலும் அந்த முதல் படையைத் திருப்பிப் போட வழியில்லை. சாண்ட்பேப்பர் பிடித்துத் தேய்க்கும்போது போவது அதுதான்.

உப்புவெளியில் இருக்கிற உங்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வாடைக்காற்று தொடங்கினால் யன்னல் கண்ணாடியைத் தொட்டாலே விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். அந்தக் காற்றில், பட்டிக்குக் கீழே ஒரு குண்டூசி முனை அளவு இரும்பு வெறுமையாக இருந்தாலும் போதும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மாரி கழிய பெயின்ட் அம்மை போட்டதுபோல் பொங்கும். நானே வைத்த பட்டி அப்படிப் பொங்கி என்னிடம் திரும்பி வந்திருக்கிறது.

இனி, பின்பக்கத்தால் எடுப்பது எப்படி என்று சொல்கிறேன். தெரிந்துகொண்டு போனால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

மெத்தையில் முழங்காலை ஊன்றினால் நடுவில் பள்ளம் விழும், சுற்றிவர மெத்தை மேலே எழும். தகடும் அப்படித்தான். குரும்பை விழுந்த இடம் உள்ளே போயிருக்கும், அதைச் சுற்றி ஒரு வளையம் மேலே எழும்பியிருக்கும். வெறுங்கண்ணுக்கு அந்த வளையம் தெரியாது. டியூப் லைட் வெளிச்சத்தைப் பொனட்டில் விழுத்தினால் தெரியும். நேரான வெளிச்சக் கோடு அந்த இடத்தில் வளைந்து ஓடும். எங்கள் தொழிலில் கண் தகட்டைப் பார்ப்பதில்லை, தகட்டில் விழுகிற கோட்டைத்தான் பார்க்கும். மேலெழுந்த வளையம்தான் பள்ளத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. அதை மேலிருந்து மெல்லத் தட்டி இறக்க வேண்டும். நான் அதற்கு முதிரை மரத்தில் விரல் தடிப்பில் ஒரு ஆப்பு செய்து, நுனியை உருட்டி, தோல் ஒட்டி வைத்திருக்கிறேன். வளையம் இறங்க இறங்க நடுப் பள்ளம் தானாகவே கொஞ்சம் தளரும்.

அதற்குப் பிறகு பொனட்டைத் திறந்து, உள்ளே கொளுவியிருக்கும் சூடு தாங்கும் விரிப்பைக் கழற்றி, வளைந்த உருக்குக் கம்பியை எலும்புக்கூடு போன்ற உட்சட்டத்தின் ஓட்டைகளுக்குள்ளால் விட்டு, பள்ளத்தின் அடியில் வைத்துத் தள்ள வேண்டும். ஒரே தள்ளில் வெளியே வராது, வரவும் கூடாது. பள்ளத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி, ஒவ்வொரு தள்ளும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. நூறு தள்ளு, இருநூறு தள்ளு. அவசரப்பட்டு ஓங்கித் தள்ளினால் தகடு மேலே முளைபோல் குத்தி நிற்கும், பெயின்டும் நட்சத்திரம் போல் வெடிக்கும். அதோடு வேலை கெட்டது.

உட்சட்டம் நேர் கீழே வந்து கம்பி போகாத இடமென்றால், வெளியிலிருந்து சூட்டுப் பசையால் ஒரு பிளாஸ்டிக் குமிழை ஒட்டி இழுப்போம். இழுத்த பிறகு ஐசோபுறொப்பைல் அல்ககோல் கொஞ்சம் விட்டால் பசை கழன்றுவிடும், பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே ஒரு விஷயம். ஆடியில் கச்சான் அடிக்கும் நாட்களில் மத்தியானம் பொனட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பசை இளகி வழுக்கும், பிடிக்காது. ஆனால் கம்பியால் தள்ளுவதற்குத் தகடு இளஞ்சூடாக இருப்பது நல்லது, பெயின்ட் நெகிழ்ந்து கொடுக்கும். அதனால் பசை வேலையை விடியக் காலையிலும், கம்பி வேலையை வெயில் ஏறிய பிறகும் வைத்துக்கொள்கிறேன். கருவி விற்பவர்கள் தரும் தாளில் இதை நான் கண்டதில்லை. நம் ஊர் வெயிலில்தான் படித்தேன்.

காரைக் கொடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "ஓட்டை துளைப்பீர்களா?" துளைப்பேன் என்றால் திரும்பி வாருங்கள். இந்த வேலையைப் பழகிய முதல் வருடம், கம்பி எட்டவில்லை என்று ஒரு கதவின் உள்விளிம்பில் துளைத்து, ரப்பர் மூடியால் அடைத்துக் கொடுத்தேன். நெளிவு அழகாகப் போனது. இரண்டு மாரிக்குப் பிறகு அதே ஓட்டையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் கறள் வடிந்தபடி அந்தக் கதவு என்னிடம் வந்தது. செலவை நான்தான் ஏற்றேன். அதற்குப் பிறகு ஒரு வாகனத்திலும் துளைத்ததில்லை. விளக்கைக் கழற்றலாம், கதவுக் கைபிடியைக் கழற்றலாம், கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டையால் போகலாம், கண்ணாடி இறங்கும் இடுக்கால் போகலாம். வழி தேடினால் கிடைக்கும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முத்து வெள்ளை சாதாரண வெள்ளையல்ல. கீழே ஒரு வெள்ளை, அதன் மேல் முத்துப் படை, அதன் மேல் மினுக்கம் என்று அடிப்பது. முத்துப் படை ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் பொனட் ஒரு நிறம், மட்கார்ட் ஒரு நிறம். மறைப்பதற்கு இரண்டு பக்க மட்கார்ட்டுக்கும் நிறத்தைக் கலைத்து அடிப்பார்கள். குரும்பை விழுந்தது பொனட்டில், பெயின்ட் போவது மூன்று இடத்தில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் வாங்க வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி "பெயின்ட் ஒரிஜினலா?" என்பதுதான். இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். உங்கள் காரில் இருப்பது அந்த ஒரிஜினல்.

அப்புறம், காரைத் தென்னைக்குக் கீழே விடாதீர்கள் டீச்சர். குரும்பை விழுத்தியது பள்ளம். முற்றிய தேங்காய் அந்த உயரத்திலிருந்து வந்தால் தகடு இழுபட்டு மடிந்துவிடும், அதை என்னாலும் எடுக்க முடியாது.

கிண்ணியாவிலிருந்து வாசகர் ஒருவர்: தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடாக்கி, உடனே குளிர் ஸ்பிரே அடித்தால் நெளிவு "டப்" என்று வெளியே வருகிறது என்று வீடியோவில் பார்த்தேன். சுடுதண்ணீர் ஊற்றியும் எடுக்கிறார்கள். வீட்டில் செய்யலாமா?

தம்பி, அந்த வீடியோக்களில் இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிக் காட்டுகிறார்கள். சுடுதண்ணீர் வேலை செய்வது பிளாஸ்டிக் பம்பரில். பம்பர் உள்ளே அமுங்கியிருந்தால், கொதித்து இறக்கிய தண்ணீரை மெல்ல ஊற்றி, பின்னாலிருந்து தடித்த கையுறையோடு தள்ளினால் பல நேரம் பழைய வடிவத்துக்கு வரும். வந்தவுடன் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். அதை வீட்டில் செய்யலாம். பெயின்ட் மடிந்து வெடித்த இடத்தில் செய்யாதீர்கள், உரியும்.

இரும்புத் தகட்டுக்கு அந்தக் கதை சரிவராது. கதவில் யாரோ முதுகைச் சாய்த்ததால் அகலமாக, ஆழமில்லாமல் உள்வாங்கிய பள்ளமென்றால், அது தானாக வெளியே வரக் காத்திருக்கிற பள்ளம். ரப்பர் உறிஞ்சியால் இழுத்தாலும் வரும், உள்ளே கை விட்டுத் தள்ளினாலும் வரும். வீடியோவில் காட்டுவது பெரும்பாலும் அந்த வகை. நான் மேலே டீச்சருக்குச் சொன்ன வளையம் எழுந்த நெளிவு குளிர் ஸ்பிரேக்கு அசையாது. கொதிசூட்டிலிருந்து கடுங்குளிருக்கு ஒரே நொடியில் போனால் மேல் மினுக்கம் வெடிக்கலாம். பெயின்ட் வெடித்தால், பெயின்ட் அடிக்காமல் எடுக்கலாம் என்ற வழியே அடைபட்டுவிடும்.

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து வாசகர் ஒருவர்: குடும்பத்தோடு கோணேஸ்வரத்துக்கு வந்தோம். கோட்டைக்குள் வாகனத்தை நிறுத்திப் பிள்ளைகளுக்கு மான் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கிடாய் மான் கொம்பால் பின்கதவைத் தட்டிவிட்டது. விரல் நீளத்துக்குக் கோடு போல நெளிவு, நடுவில் பெயின்ட் போயிருக்கிறது. இதையும் பெயின்ட் இல்லாமல் எடுக்கலாமா?

ஐயா, கோட்டைக்குள் இருக்கும் புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகியவை, ஊருக்குள்ளும் வந்து திரிபவை. சாப்பாட்டுப் பை கையில் இருந்தால் வாகனத்தோடு ஒட்டியே நிற்கும். கோபத்தில் தட்டியிருக்காது.

நெளிவுக்கு வருவோம். குரும்பை உருண்டையானது, அடி பரவி விழும். கொம்பு கூரானது, அடி ஒரு கோட்டில் இறங்கும். அந்தக் கோட்டில் தகடு இழுபட்டு மெலிந்திருக்கும். எவ்வளவு பொறுமையாகத் தள்ளினாலும் முழுதாக மறையாது, பத்தில் எட்டுப் பங்கு போகும். பெயின்டும் போயிருப்பதால் தொடு பெயின்டாவது வைத்தே ஆக வேண்டும். என்றாலும் முதலில் நெளிவைப் பின்பக்கத்தால் எடுக்கச் சொல்லுங்கள். தகடு ஏறத்தாழ மட்டத்துக்கு வந்தால் பட்டியே தேவைப்படாது. போன இடத்துக்கு மட்டும் பிரைமரும் நிறமும் மினுக்கமும் நுண்ணிய தூரிகையால் வைத்து, காய்ந்த பிறகு பொலிஷ் பண்ணலாம். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும், நாலு அடி தள்ளி நின்றால் தெரியாது. கதவு முழுவதும் தேய்ப்பதைவிட அது மேல் என்பது என் முடிவு. ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள்: அந்தக் கோட்டை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, காய்ந்ததும் அதன்மேல் கொஞ்சம் மெழுகு பூசி வையுங்கள். கல்லடியிலும் கடல் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், கறள் ஒரு கிழமையில் தொடங்கிவிடும்.

கதவைத் தள்ளக் கொடுக்கும்போது கண்ணாடிக்கும் கம்பிக்கும் இடையில் காப்புத் தகடு வைக்கிறார்களா என்று பாருங்கள். கூரை ஓரத்தில் நெளிவென்றால் இன்னும் கவனம் வேண்டும். புதிய கார்களில் அந்த ஓரத்துக்குள்தான் பக்கக் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். கம்பியை அதற்குள் விடக் கூடாது.

தம்பலகாமத்திலிருந்து இளைஞர் ஒருவர்: வயலுக்குப் போகும் வழியில் பல்சர் சறுக்கி விழுந்து பெற்றோல் டாங்கில் ஹாண்டில் இடித்துவிட்டது. முட்டை அளவு பள்ளம். ரயர் கடையில் காற்று அடித்து வெளியே தள்ளலாம் என்கிறார்கள்.

வேண்டாம் தம்பி. இந்தக் கேள்விக்கு நான் எழுத்தில் கோபப்பட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள், உயிர் விஷயம். டாங்க் காற்று அழுத்தத்துக்குச் செய்த பாத்திரமல்ல. காற்று அடித்தால் முதலில் கொடுப்பது பள்ளமல்ல, அடியில் இருக்கும் ஒட்டுத் தையல். டாங்க் வயிறு வீங்கும், அல்லது பிளக்கும்.

இன்னொன்று, பெற்றோலை இறக்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். நிரம்பிய டாங்கைவிட வெறும் டாங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்கும் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்ததுதான் வெடிப்பது. டாங்கை வண்டியிலிருந்து கழற்றி, சவர்க்காரத் தண்ணீர் விட்டு நாலைந்து தடவை குலுக்கிக் கழுவி, மூடியைத் திறந்து வெயிலில் இரண்டு நாள் காய வைத்து, மணம் முழுவதும் போன பிறகுதான் எந்த வேலைக்காரரிடமும் கொடுக்க வேண்டும். பசைத் துப்பாக்கியும் சூடுதான், அதையும் ஆவி நிற்கும் டாங்குக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது.

எடுக்க முடியுமா என்றால், பாதி நம்பிக்கைதான் தருவேன். டாங்க் இரண்டு பக்கமும் வளைந்த தகடு, கார்க் கதவைவிட விறைப்பு. மூடி வாயால் கம்பி எட்டினால் நல்லது, எட்டாவிட்டால் பசை இழுவை. மேலே ஸ்டிக்கர் இருந்தால் பசையோடு வந்துவிடும், அதை மறக்காதீர்கள்.

சீனக்குடா வாசகர்: சின்ன நெளிவுக்குக் காப்புறுதியில் பணம் எடுக்கலாமா?

முழுக் காப்புறுதியென்றால் எடுக்கலாம். ஆனால் கோராத வருடங்களுக்குக் கிடைத்துவரும் கழிவு அதனால் குறையலாம். அந்தக் கழிவையும் நெளிவெடுக்கும் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கைப் பள்ளத்துக்கு நான் கோரச் சொல்ல மாட்டேன்.

மூதூரிலிருந்து 19 வயது வாசகர்: நான் கராஜில் உதவியாளராக இருக்கிறேன். இந்தத் தொழிலைப் பழக எவ்வளவு காலம் எடுக்கும்? என்ன கருவி வேண்டும்?

உங்கள் கடிதம் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். நம் பக்கத்தில் இதைச் செய்கிறவர்கள் குறைவு, பழக விரும்புகிறவர்கள் அதிலும் குறைவு.

முதல் மூன்று மாதம் வாடிக்கையாளரின் வாகனத்தில் கை வைக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் பெயின்ட் நல்லபடி இருக்கும் ஒரு பொனட்டை வாங்கி, இரண்டு முக்காலிகளில் இடுப்பு உயரத்தில் வையுங்கள். ஒரு கோலிக் குண்டைத் துணியில் சுற்றி வைத்து, அதன்மேல் கட்டையால் மெல்லத் தட்டிச் சின்னப் பள்ளம் போடுங்கள். பிறகு அதை எடுங்கள். கருவி என்று பார்த்தால், ஒரு டியூப் லைட், கறுப்புக் கோடு போட்ட ஒரு வெள்ளைப் பலகை, மூன்று கம்பி போதும். கம்பிகளை நானே சுருள்வில் உருக்கை நெருப்பில் வளைத்து, நுனியை அரத்தால் உருட்டிச் செய்தேன். நுனி ஒன்று கூராக, ஒன்று மழுங்கலாக, ஒன்று தட்டையாக இருக்கட்டும்.

ஆகக் கடினமானது தள்ளுவதல்ல. கம்பியின் நுனி தகட்டின் அடியில் எங்கே நிற்கிறது என்று மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பதுதான். பள்ளம் ஓரிடத்தில், நீங்கள் தள்ளுவது இன்னோரிடத்தில் என்றால் புதிய முளை எழும். கம்பியை மெல்ல ஆட்டுங்கள், வெளிச்சக் கோட்டில் ஒரு சிறு நடுக்கம் தெரியும். அந்த நடுக்கம் பள்ளத்தின் மேல் வரும்வரை தள்ளாதீர்கள். எனக்கு அது பிடிபட ஐந்து மாதம் எடுத்தது. பிடிபட்ட நாள் இன்றும் நினைவிருக்கிறது: மாலை, மின்சாரம் போய், யன்னல் வெளிச்சம் மட்டும் பொனட்டில் விழுந்துகொண்டிருந்தது.

இரும்பு கைக்கு வந்த பிறகு அலுமினியத்துக்குப் போங்கள். சில கார்களின் பொனட் அலுமினியம். காந்தம் ஒட்டாது, அதில் கண்டுபிடிக்கலாம். அது இரும்பைப் போல் திரும்பி வராது, சூடு காட்டி இன்னும் மெதுவாகத் தள்ள வேண்டும். அந்தக் காந்தத்தை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருங்கள். இரும்புக் கதவில் ஓரிடத்தில் மட்டும் காந்தம் பலமிழந்து நழுவினால் அங்கே ஏற்கெனவே பட்டி இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தைத் தள்ளினால் பட்டி துண்டாக உதிர்ந்து கையில் வரும். தள்ளுவதற்கு முன்பே உரிமையாளரை அழைத்து, காந்தத்தை அவர் கையில் கொடுத்து, அவரையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.